புத்தகத்தில் ஆருடைய பெயர்?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜீப் வாங்கப் போகிற அன்றைக்குத் தேடி எடுத்து வாசிக்கலாம்.

"லேண்ட் றோவர். ஃபுல் ரெஸ்டோர். ஜப்பான் டீசல் எஞ்சின். இங்கிலீஷ் நம்பர். ஓப்பின் பேப்பர். சீரியஸ் ஆக்கள் மட்டும் கதைக்கவும்."

இந்த மாதிரி விளம்பரங்கள் இப்போது கிழமைக்கு இரண்டு மூன்று என் கண்ணில் படுகின்றன. கீழே நெருப்புப் படம், இதயப் படம், "அண்ணா கடைசி விலை என்ன", "இன்பொக்ஸ் பாருங்கோ". முன்னூறு கருத்து வந்த விளம்பரத்திலும் ஒரு ஆளாவது "புத்தகத்தில் ஆற்ற பெயர் இருக்கு?" என்று கேட்டதை நான் காணவில்லை. என் சண்டை முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

முதலில், வரப்போகிற கருத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வரலாறு படிப்பிக்கிற டீச்சருக்கு ஜீப்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். என் வாப்பா லொறிக்காரர். புத்தளத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கராஜ். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் வீட்டுப்பாடம் செய்ததே ஒரு பழைய பெட்ஃபோர்ட் லொறியின் மட்காட்டில் உட்கார்ந்துதான். ஆகவே ஸ்பெனர் எது, சாவி எது என்று எனக்குத் தெரியும். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு வரலாற்றுப் பாடம் சொல்லித்தந்தபோது முதல் கிழமையே சொன்னது, மூலாதாரம் இல்லாத கதையை வகுப்பில் சொல்லாதே என்பது. வாகனத்துக்கு மூலாதாரம் அதன் பதிவுப் புத்தகம். இவ்வளவுதான் என் தகுதி.

பழைய வாகனத்தின் மீது எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கோ யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கோ அந்த வெறுப்பு வரவும் மாட்டாது. ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர், ஏ55 கேம்பிரிட்ஜ் இவைகள் எங்களுக்குக் காட்சிப் பொருள் இல்லை. கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன வாகனங்கள். 1990க்குப் பிறகு பெற்றோல் வராத வருடங்களில் அதே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் நாலைந்து துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கால எஞ்சினில் அமுக்க விகிதம் குறைவு, அதனால் மண்ணெண்ணெயையும் ஓரளவு தாங்கியது. இன்றைய காரில் அதைச் செய்தால் எஞ்சின் தட்டித் தட்டியே உடைந்துவிடும். தாங்கியது என்றாலும் சும்மா தாங்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீராக்கிவிடும், பெயாரிங் தேயும், புகை கண்ணைக் குத்தும். பாட்ஸ் வராத ஊரில் லேத் மெஷினை வைத்துக்கொண்டு அந்தக் கார்களை உயிரோடு வைத்திருந்த கராஜ்காரர்களுக்கு நான் மரியாதை செய்கிறேன். அவர்களில் எல்லா இனத்தவரும் எல்லாச் சமயத்தவரும் இருந்தார்கள்.

மாற்றிக் கட்டுவதும் எங்களுக்குப் புதிது இல்லை. கொடிகாமம் – பருத்தித்துறை வீதியில் ஓடிய தட்டிவான் என்ன? வெளிநாட்டு வாகனத்தின் செசியை எடுத்து, மரத்தால் கூடு அடித்து, பின்பக்கம் தட்டியைப் போட்டு, ஆளும் மூட்டையும் கோழியும் சேர்த்து ஏற்றிய வாகனம். அதைப் பார்த்த ஒருவரும் "இது ஒறிஜினல்" என்று ஏமாறவில்லை. மாற்றிக் கட்டியது மாற்றிக் கட்டியதாகவே ஓடியது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இப்போது நடப்பது வேறு. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனத்துக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் நாட்டுக்குள் இருந்த பழைய இரும்பெல்லாம் தங்கமாகிவிட்டது. வேலிக்குப் பக்கத்தில் கோழி அடைகாத்துக் கிடந்த ஜீப்பின் எலும்புக்கூட்டுக்கும் ஆள் வந்து விலை கேட்டார்கள். கதவு திறந்த பிறகும் புது வாகனத்தின் வரி சாதாரண ஆளை நெருங்க விடவில்லை. அதோடு வெளிநாட்டில் இருக்கிற அண்ணன்மாரின், மாமாமாரின் காசு. அவர்களுக்குத் தேவை ஒரு போக்குவரத்துச் சாமான் இல்லை, சின்ன வயதின் ஞாபகம். ஞாபகத்துக்கு விலை பேசத் தெரியாது என்பது விற்கிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஏன் ஜீப் என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போல தட்டையான நிலம் இலங்கையில் வேறு எங்கே இருக்கிறது? மலை இல்லை, ஆறு இல்லை, ஏறி இறங்க ஒரு மேடு இல்லை. நாலு சில்லும் இழுக்க வேண்டிய இடம் என்றால் மணற்காட்டு மணல்மேடும், வடமராட்சி கிழக்கில் ஆழியவளையிலிருந்து சுண்டிக்குளம் வரையான கடற்கரைத் துண்டும்தான். அங்கே வாழ்கிற மீனவருக்கு லான்மாஸ்டர் போதும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து ஜீப் சேர்ந்து மணல்மேட்டில் ஏறி வீடியோ எடுத்துவிட்டு வருவதற்குப் பெயர் சாகசம் இல்லை. அந்த மேட்டைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். சில்லுக்கு அது தெரியாது, ஓட்டுகிறவருக்குத் தெரியவேண்டும்.

சரி, ஆசை, வாங்குகிறார்கள். வாங்குவது என்ன என்று பார்ப்போம்.

லேண்ட் றோவர் 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதலில் வந்தது. உலக யுத்தம் முடிந்த கையோடு பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். செசியும் முன்சுவரும் உருக்கு. இந்த ஒரு விசயத்தை விளங்கிக்கொண்டால் பாதி ஏமாற்று உங்களிடம் எடுபடாது. அலுமினியத்தில் கறள் பிடிக்காது, ஆகவே வெளியில் பார்க்க வாகனம் பளபளக்கும். கறள் பிடிப்பது உள்ளே, பெட்டி போல மூடிய செசிக்குள், உள்ளிருந்து வெளியே. எங்கட உப்புக் காற்றுக்கு அது இன்னும் வேகம். அலுமினியமும் உருக்கும் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் அங்கேயும் அரிப்பு. காலடித் தகடு இருக்கிற முன்சுவர், பின்பக்கக் குறுக்குச் சட்டம், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற தாங்கிகள் இவைதான் முதலில் போகும். இவற்றின் மேல் புதுசாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் சந்தோசப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஒரு சின்னச் சுத்தியலால் செசியை நெடுகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு மணி போலச் சொல்லும், போன இரும்பு மட்டைபோலச் சத்தம் போடும். காந்தம் கொண்டுபோய் புட்டி பார்க்கிற வித்தை காருக்குச் சரி, லேண்ட் றோவரின் மட்காட்டில் காந்தம் எப்படியும் ஒட்டாது. ஒட்டினால்தான் கேள்வி: அலுமினியத் தகடு எங்கே போனது?

வருடக் கதையும் இப்படித்தான். சீரீஸ் 1 வந்தது 1948 முதல் 1958 வரை. பிறகு சீரீஸ் 2, 1961இல் 2ஏ, 1971இல் சீரீஸ் 3, அது 1985 வரை. முன்விளக்கு இரண்டும் நடுவில் கிறிலோடு ஒட்டி இருந்தால் பழையது. மட்காட்டுக்கு வெளியே வந்திருந்தால் அறுபதுகளின் கடைசிக்குப் பிந்தியது. ஆனால் ஒரு நாள் வெல்டிங் வேலையில் விளக்கை உள்ளே கொண்டுபோய்விடலாம். சீரீஸ் 3 வாகனத்தை 1950களின் வாகனமாக்கி விற்கிற வேலை இப்படித்தான் நடக்கிறது. ஜீப் பக்கமும் இதே கூத்து. மிற்சுபிசிக்காரர் 1953இல் வில்லிஸ் கொம்பனியிடம் அனுமதி எடுத்துச் செய்யத் தொடங்கிய ஜீப்தான் எங்கட நாட்டில் 4டி.ஆர்.5 என்று எஞ்சினின் பெயராலேயே ஓடுகிறது. நல்ல உழைப்பாளி வாகனம். அதன் முகத்தைக் கழற்றி வில்லிஸ் முகம் பூட்டி, "யுத்தகால அமெரிக்கன் ஜீப்" என்று விற்றால் அந்த உழைப்பாளியையும் கேவலப்படுத்தியாகிறது, வாங்குகிறவனையும் ஏமாற்றியாகிறது.

2016இல் லேண்ட் றோவர் கொம்பனியே பழைய சீரீஸ் 1 வண்டிகள் 25ஐத் தேடி எடுத்து, பழைய அளவிலேயே புதுப்பித்து விற்றது. அவர்களுக்கு அது வியாபாரம்தான், நான் புகழவில்லை. ஆனால் எந்த வண்டி, எந்த இலக்கம், எது பழையது, எது புதியது என்று கடதாசியில் சொல்லி விற்பதற்குத்தான் ரெஸ்டோர் என்று பெயர். எங்கட ஊர் ரெஸ்டோர் என்பது பெயின்ற், சீற் கவர், முன்னுக்கு ஒரு இரும்புக் கம்பி, மேலே நீட்டு எல்.ஈ.டி. விளக்கு.

அந்த விளக்கையும் எஞ்சினையும் பற்றி ஒரு டீச்சராகப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. பழைய லேண்ட் றோவரின் 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்கு எழுபது குதிரைவலு அளவில்தான் சக்தி. பிரேக் நாலும் டிரம், அந்தச் சக்திக்கு அளவாகச் செய்தவை. அதைக் கழற்றிவிட்டு ஒரு ஜப்பான் ரேர்போ டீசலைப் பூட்டுகிறார்கள். கியர் பொக்ஸுக்கு இடையில் தட்டு ஒன்றை லேத்தில் செய்து பொருத்துகிறார்கள். லேண்ட் றோவரின் பின் அச்சுத் தண்டு சொந்த எஞ்சினுக்கே முறிகிற சாமான். பிரேக்கை மட்டும் ஆரும் தொடுவதில்லை, ஏனென்றால் பிரேக் படத்தில் தெரியாது. அதற்கு மேல் உயரம் கூட்டி, பெரிய ரயர் போட்டு, ஸ்டியரிங் தேய்ந்த வாகனத்தைப் பாடசாலை விடுகிற ஒன்றரை மணிக்கு வீதியால் கொண்டுவருகிறார்கள். முன்னுக்கு இருக்கிற இரும்புக் கம்பியின் உயரமும் ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் தலையின் உயரமும் ஒன்று. நான் கேட்டில் நின்று பார்க்கிறேன், சும்மா சொல்லவில்லை.

எஞ்சினையோ உருவத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி எடுத்துப் புத்தகத்தில் பதியவேண்டும். இது புதுச் சட்டம் இல்லை, 1951இன் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்திலிருந்து வருவது. பதியாத எஞ்சினோடு விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் தேடுவது அந்த எஞ்சின் இலக்கத்தைத்தான். அதற்குப் பிறகு நட்டஈட்டை ஆர் கட்டுவது? "மச்சான், செம லுக்" என்று கருத்துப் போட்டவர்களா?

இனி புத்தகத்துக்கு வருகிறேன்.

"ஓப்பின் பேப்பர்" என்ற சொல்லை எங்கட ஊரில் ஒரு வசதி போலச் சொல்கிறார்கள். அதன் அர்த்தம் என்ன? பதிவுக்காரர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டார், வாங்குகிறவர் பெயர் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அந்தக் கடதாசி ஐந்து கை, பத்துக் கை மாறும். விற்றவர் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பதினாலு நாளாவது, பதினாலு வருடம் போன கடதாசியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையெழுத்து வைத்தவர் மௌத்தாகியிருப்பார், அல்லது கனடாவில் இருப்பார், அல்லது அப்படி ஒருவர் இருந்தாரா என்றே தெரியாது. 2022இல் எரிபொருளுக்கு கியூ.ஆர். வந்தபோது செசி இலக்கத்தையும் அடையாள அட்டையையும் கேட்டார்கள். அப்போதுதான் பலருக்கு விளங்கியது, தாங்கள் வாங்கியது வாகனத்தை, வாகனத்தின் உரிமையை இல்லை என்று. அந்த வரிசையில் பட்டது மூன்று மாதத்தில் மறந்துபோய்விட்டது.

இதை விட மோசமான வியாபாரமும் உண்டு. வாகனமே இல்லாமல் புத்தகமும் நம்பரும் மட்டும் விற்பது. இரும்புக்குப் போன ஒரு ஜீப்பின் புத்தகத்தை வாங்கி, அதன் செசி இலக்கத்தை வெட்டி எடுத்து, அல்லது புதுசாக அடித்து, எங்கிருந்தோ துண்டு துண்டாக வந்த இன்னொரு வாகனத்தில் ஒட்டுவது. தெற்கில் இப்படிப் பொருத்திய வாகனங்களுக்காகப் பெரிய பெரிய ஆட்களே கைதான செய்தி வாசித்திருப்பீர்கள். லேண்ட் றோவரில் முன்சுவரில் இருக்கிற தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றலாம். அதை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். செசியிலேயே, வலது முன் ஸ்பிரிங் தாங்குகிற இடத்தில் இலக்கம் அடித்திருக்கும். அந்த இடம் அரத்தால் தேய்த்திருந்தால், அல்லது அங்கே மட்டும் பெயின்ற் தடிப்பாக இருந்தால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

இடையில் ஒன்று. "ஸ்ரீ நம்பர்" என்றால் விலை கூட, "இங்கிலீஷ் நம்பர்" என்றால் இன்னும் கூட. வரலாறு படிப்பிக்கிறவளுக்கு இதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. 1957 தொடக்கம் இந்த நாட்டு வாகனங்களில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சியினர் அதை அழித்துத் தமிழில் ஸ்ரீ எழுதி வாகனம் ஓட்டினார்கள், மறியலுக்குப் போனார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1957 ஜூலையில் எழுதிய பண்டா – செல்வா ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழிந்தது, அடுத்த மாதம் கலவரம். ஒரு எழுத்துக்காக இரத்தம் சிந்திய ஊரில் இன்று அதே எழுத்து "கிளாசிக் லுக்". வைத்திருங்கள், அழிக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் ஏறுகிற பிள்ளைக்கு அந்த எழுத்தின் கதையையும் சொல்லுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விசயம். சிலருக்குக் கசக்கும்.

இந்தக் குடாநாட்டில் 1990க்கு முந்திய வாகனம் ஒன்றின் புத்தகத்தைத் திறந்தால் உள்ளே ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர் முஸ்லிம் பெயராக இருக்கலாம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, சோனகதெருவையும் சுற்றுப்புறத்தையும் இரண்டு மணித்தியாலத்தில் காலி செய்யச் சொன்னார்கள். வடக்கு முழுவதும் 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டார்கள். நகையையும் காசையும் பறித்தார்கள், கடையும் வீடும் வாகனமும் நின்ற இடத்தில் நின்றன. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களில் லொறி வைத்திருந்தவர்கள், இரும்புக் கடை வைத்திருந்தவர்கள், வாகன பாட்ஸ் விற்றவர்கள் எத்தனை பேர் என்று பழைய ஆட்களைக் கேளுங்கள், தெரு தெருவாகச் சொல்வார்கள். அந்த வாகனங்கள் வானத்துக்குப் பறக்கவில்லை. ஓடின, கை மாறின, உடைந்தன, துண்டாகின. ஒரு பகுதி இன்றைக்கும் ஏதோ ஒரு உருவத்தில் இந்த வீதிகளில் நிற்கிறது.

அந்தப் பெயர் தமிழ்ப் பெயராகவும் இருக்கலாம். 1995 ஒக்டோபர் 30, எங்களை விரட்டிச் சரியாக ஐந்து வருடம், வலிகாமமே எழும்பி மழையில் தென்மராட்சிக்கு நடந்தது. எத்தனை காரும் ஜீப்பும் வீட்டு முற்றத்தில் நின்றுபோயின? திரும்பி வந்தபோது எத்தனை இருந்தன? 2009க்குப் பிறகு ஏ-35 வீதியால் முல்லைத்தீவுப் பக்கம் போனவர்கள், கறள் பிடித்த வாகனங்கள் மலைபோலக் குவிந்து கிடந்ததைக் கண்டிருப்பீர்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்காரரின் வாகனம். அந்த வீட்டுக்காரரில் எத்தனை பேர் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் குவியலிலிருந்து வந்த அச்சும் கியர் பொக்ஸும் எந்த "ஃபுல் ரெஸ்டோர்" ஜீப்பில் இருக்கிறது என்று விற்கிறவர் சொல்வாரா?

ஆகவே இதை முஸ்லிம்களின் முறைப்பாடாக மட்டும் வாசிக்க வேண்டாம். எங்கட பெரியவர்களின் பெயர் இருக்கிற புத்தகத்தை நான் முதலில் தேடுகிறேன், அது இயற்கை. அடுத்த வீட்டுக்காரரின் பெயரையும் அதே கண்ணால்தான் வாசிக்க வேண்டும்.

இதைச் சொன்னால் வருகிற பதில்கள் எனக்குப் பாடம். "டீச்சர், முப்பது வருசம் தாண்டிப் போச்சு, இனி ஆர் வந்து கேக்கப் போறாங்க?" கேட்க ஆள் வராதது உரிமை இல்லாமல் போனதற்குச் சான்று இல்லை. காணி விசயத்தில் இதை நாடே ஒத்துக்கொண்டது. யுத்தத்தால் இடம்பெயர்ந்தவரின் காணியை இன்னொருவர் பத்து வருடம் ஆண்டுவிட்டேன் என்று சொந்தமாக்கக் கூடாது என்று 2016இல் விசேட சட்டமே கொண்டுவந்தார்கள். அது அசையாச் சொத்துக்கு மட்டும். வாகனத்துக்கு அப்படி ஒரு சட்டம் வரவில்லை. சட்டம் வராத இடத்தில் எங்களுக்குப் புத்தியும் வெட்கமும் இருக்கக் கூடாதா?

"நாங்க எடுக்காட்டி அது இரும்புக்குத்தான் போயிருக்கும், நாங்க காப்பாத்தினோம்." காப்பாற்றியதற்கு நன்றி. காப்பாற்றியவர் உரிமைக்காரரைத் தேடினாரா? ஒரு போன் எடுத்தாரா? றோட்டில் கிடந்த பேர்சை எடுத்து, காசை வைத்துக்கொண்டு, "நான் எடுக்காட்டி நாய் கடிச்சிருக்கும்" என்று சொல்கிற பிள்ளையை நான் வகுப்பில் என்ன செய்வேன் என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

"எல்லாரும் செய்யிறாங்க." இதற்குப் பதில் எழுத எனக்கு நேரம் இல்லை.

எங்கட சகோதரர்களுக்குத் தனியாக ஒரு சொல், ஏனென்றால் இந்த வியாபாரத்தில் எங்கட ஆட்களும் இருக்கிறார்கள். பொருளின் குறையை மறைத்து விற்பது எங்களுக்கு ஹராம் என்பதை மதரஸாவில் ஏழு வயதில் படித்தோம். மேலே உலர்ந்த தானியத்தைப் பரப்பி அடியில் ஈரமானதை மறைத்த வியாபாரியின் கதையை ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள்? தார் பூசிய செசி அந்த ஈரத் தானியம்தான். 1990ஐப் பற்றி மேடையில் கண்ணீரோடு பேசிவிட்டு, பின்னேரம் பெயர் தெரியாத ஒருவரின் ஜீப்பை ஓப்பின் பேப்பரில் கைமாற்றுகிறவரை எனக்கு விளங்கவில்லை. எங்களிடமிருந்து பறித்தது அநியாயம் என்றால், இன்னொருவரிடமிருந்து பறித்ததை வாங்கி விற்பதற்கு என்ன பெயர்?

வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிற அண்ணன்மாருக்கு: அங்கே ஒரு பழைய கார் வாங்கினால் அதன் சேவிஸ் வரலாறு, முந்தைய உரிமையாளர் எத்தனை பேர் என்று எல்லாம் கேட்டுத்தான் வாங்குகிறீர்கள். இங்கே வட்ஸ்அப்பில் வந்த நாலு படத்துக்கும் ஒரு பாட்டுப் போட்ட வீடியோவுக்கும் லட்சக்கணக்கில் அனுப்புகிறீர்கள். தம்பிமார் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. தம்பிமாரையும் சேர்த்து ஏமாற்றுகிறார்கள்.

வாங்குகிறவர் செய்யக்கூடியது பெரிய வேலை இல்லை. முற்பணம் கொடுக்க முன் புத்தகத்தைக் கையில் வாங்கி, பெயரை வாசியுங்கள். திணைக்களத்தில் கட்டணம் கட்டிப் பதிவு விபரப் பிரதி எடுங்கள். அதில் எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம், செய்த வருடம் எல்லாம் இருக்கும்; வாகனத்துக்குக் கீழே படுத்து ஒன்று ஒன்றாகப் பாருங்கள். பதிவுக்காரரோ அவரின் வாரிசோ நேரில் வந்து கையெழுத்து வைக்காவிட்டால் வாங்காதீர்கள். வருமான அனுமதிப்பத்திரம் எந்த வருடத்தோடு நின்றது என்று கேளுங்கள். 1990இலோ 1995இலோ நின்றிருந்தால் அந்த வருடமே உங்களுக்குக் கதையைச் சொல்லும். உரிமைக்காரரைத் தேடிப் பிடித்து நியாயமான விலைக்குப் பேசி எழுதி வாங்கினால் அந்த வாகனம் உங்களுடையது, நானே முதல் ஆளாக இதயம் போடுவேன். எனக்குத் தெரிந்த ஒரு இளைஞர், தமிழ்ப் பொடியன், பழைய லேண்ட் றோவர் ஒன்றின் புத்தகத்தில் இருந்த முஸ்லிம் பெயரை வைத்துக்கொண்டு புத்தளம் வரைக்கும் பஸ்ஸில் போய், மூன்று நாள் பள்ளிவாசல் பள்ளிவாசலாகக் கேட்டு, அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். அவர்கள் காசு வாங்கவில்லை. வாகனத்துக்குப் பக்கத்தில் தங்கள் மூத்தவர் நிற்கிற ஒரு படம் மட்டும் இருந்தது, அதைக் காட்டி, எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வாகனத்தில் இன்னும் பழைய பெற்றோல் எஞ்சின்தான். ஸ்டார்ட் எடுக்கப் பத்து நிமிடம் செல்கிறது.

கடைசியாக ஒரு வேலை. புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் பாணந்துறையிலும் இருக்கிற எங்கட உறவுகளே, உம்மாமாரின் றங்குப் பெட்டிகளில் பழைய வாகனப் புத்தகம், வரிச் சிட்டை, காப்புறுதிக் கடதாசி, வாகனத்தோடு நின்று எடுத்த படம் ஏதும் இருந்தால் எறிந்துவிட வேண்டாம். வாகன இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். 1995இலும் 2009இலும் வாகனத்தை விட்டுவந்த தமிழ் உறவுகளும் அனுப்பலாம். ஒரு சாதாரணக் கொப்பியில் இலக்க வரிசைப்படி எழுதி வைக்கிறேன். பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் முற்பணம் கொடுக்க முதல் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள், இரவு எட்டு மணிக்குப் பிறகு பதில் போடுவேன். பகலில் எனக்கு வகுப்பு.